குளம் நிறைந்தும் வயல் காய்ந்தால்: கொக்ளியர் இம்பிளான்ட் பற்றி ஓர் அறிமுகம்

தங்கச்சியின் மகளுக்கு ஒன்றரை வயது நடக்கும்போது நாங்கள் வீட்டிலேயே அவளுக்குக் காதுச் சோதனை வைத்தோம். அவள் முற்றத்து மணலில் இருந்து சிரட்டையால் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். என் அம்மா குசினியிலிருந்து சட்டி மூடியையும் அகப்பையையும் எடுத்துவந்து, பின்னால் நின்று ஓங்கித் தட்டினார். பிள்ளை திரும்பிப் பார்த்தாள். "பாத்தியளே, காது வடிவாக் கேக்குது. உங்கட மாமாவும் நாலு வயசிலதான் கதைச்சவர்" என்றார் அம்மா. எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியில் எட்டு மாதம் போய்விட்டது.

பின்னேர வெயில் எங்கள் முதுகுப் பக்கம் இருந்தது, அம்மாவின் நிழல் பிள்ளைக்கு முன்னால் மணலில் விழுந்தது என்பதெல்லாம் பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. பிள்ளை திரும்பியது அந்த நிழலுக்கு. காது கேட்காத பிள்ளைகளுக்குக் கண் மிகக் கூர்மை. கதவு அடித்தால் நிலம் அதிர்வது காலில் தெரியும், யாராவது பின்னால் வந்தால் காற்று அசைவது தோலில் தெரியும். அதனால் சட்டி தட்டிப் பார்க்கிற சோதனை எந்தப் பிள்ளைக்கும் சோதனையே அல்ல. கடைசியில் எங்கள் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை செய்து, கொக்ளியர் இம்பிளான்ட் என்ற கேட்க உதவுகிற கருவியைப் பொருத்த வேண்டிவந்தது. அந்த எட்டு மாதம் வன்னியில் இன்னொரு பிள்ளைக்குப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வன்னியில் தண்ணீர் வருகிற வழி தெரியாதவர் இல்லை. குளத்துத் துருசைத் திறந்தால் தண்ணீர் பெரிய வாய்க்காலில் விழுந்து, சின்ன வாய்க்கால்களாகப் பிரிந்து, கடைசியில் வயலுக்குள் இறங்கும். இடையில் எங்கே தடைப்பட்டாலும் வயல் காயும். காதும் அப்படியே. வெளியே இருக்கிற செவிமடல் பிடிக்கும் சத்தம் உள்ளே போய்ச் செவிப்பறையில் மோதி அதை அதிரவைக்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள் கோத்தபடி இருக்கின்றன. மூன்றாவது எலும்பு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான், நம் உடம்பிலேயே சின்ன எலும்பு அது. இவை அதிர்வை வாங்கி இன்னும் உள்ளே இருக்கிற நத்தைச்சுருளுக்குக் கொடுக்கின்றன.

நத்தைச்சுருள் என்பது பெயருக்கேற்றபடி நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருண்ட, ஒரு கடலை அளவான உறுப்பு. ஆங்கிலத்தில் அதைத்தான் கொக்ளியா என்பார்கள். உள்ளே திரவம் நிறைந்திருக்கும். அந்தத் திரவத்துக்குள் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. அதிர்வு வந்து திரவம் அசைய, காற்றுக்கு நெல்லுச் சாய்கிற மாதிரி அவற்றின் நுனிகள் சாயும். சாய்கிற நேரம் ஒரு மின் துடிப்பு உண்டாகும். அந்தத் துடிப்பைச் செவி நரம்பு மூளைக்குக் கொண்டுபோகும். சுருளின் வாசல் பக்கத்துக் கலங்கள் ஆட்காட்டிக் குருவியின் கீச்சுக் குரல் போன்ற உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும். உள்ளே போகப்போக, உழவு இயந்திரத்தின் உறுமல் போன்ற தாழ்ந்த ஒலிகள். இந்த இட ஒழுங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொக்ளியர் இம்பிளான்ட் வேலை செய்வதே இதை நம்பித்தான்.

இனிக் கேளாமைக்கு வருவோம். துருசு வாயில் குப்பை அடைத்தால் குப்பையை எடுத்தால் போதும். காதில் குறும்பி அடைப்பது, சீழ் வடிவது, செவிப்பறையில் ஓட்டை விழுவது இந்த வகை. மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ பெரும்பாலும் சரிசெய்யலாம். (காதுக்குள் எண்ணெய் காய்ச்சி விடுவதையும் கோழி இறகு விட்டுக் குடைவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். சின்ன அடைப்பைப் பெரிய வருத்தமாக்குவது இதுதான்.)

வாய்க்காலில் தண்ணீர் குறைவாக ஓடினால் துருசைக் கூடத் திறந்துவிடலாம். ஊரில் காது மெசின் என்று சொல்கிற கேட்கும் கருவி செய்வது அந்த வேலை. சத்தத்தைப் பெரிதாக்கி அதே பழைய வழியால் அனுப்புகிறது. மயிர்க்கலங்களில் ஒரு பகுதியாவது உயிரோடு இருந்தால் இது நன்றாக உதவும். பலருக்கு இதுவே போதும்.

ஆனால் வாய்க்காலே அள்ளுண்டு போய்விட்டால்? குளம் வான் பாய்கிற அளவுக்கு நிறைந்திருந்தாலும், துருசை முழுக்கத் திறந்தாலும் வயலுக்கு ஒரு சொட்டும் வராது. மயிர்க்கலங்கள் பெரும்பாலும் இல்லாதவருக்குச் சத்தத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அப்படித்தான். நெல் அழிந்தால் அடுத்த போகத்துக்கு விதைக்கலாம். மனிதரின் மயிர்க்கலம் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. அந்த நிலையில் உடைந்த வாய்க்காலை விட்டுவிட்டு, குளத்திலிருந்து வயலுக்கு நேரே ஒரு குழாய் போடுகிறார்களே, அதுதான் கொக்ளியர் இம்பிளான்ட். அழிந்த கலங்களைத் தாண்டிப் போய்ச் செவி நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டுகிறது. ஆகவே காது மெசினும் இதுவும் ஒன்றல்ல.

இதில் இரண்டு பகுதிகள் உண்டு. வெளிப் பகுதி காதுக்குப் பின்னால் மாட்டுகிற சின்னக் கருவி. அதில் மைக்கும் பற்றரியும், ஒலியைப் பிரித்துக் கணக்குப் பார்க்கிற ஒரு குட்டிக் கணினியும் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் போய், நாணயம் போன்ற வட்டத்தில் முடியும். அந்த வட்டத்துக்குள் காந்தம். உள் பகுதியைச் சத்திரசிகிச்சை செய்து காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைப்பார்கள். அதிலும் ஒரு காந்தம் இருப்பதால் வெளி வட்டம் தலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தோலைத் துளைத்து எந்த வயரும் போவதில்லை, வானொலி அலை மாதிரித்தான் தகவல் உள்ளே போகிறது. உள் பகுதியிலிருந்து ஒரு நுண்ணிய இழை நத்தைச்சுருளுக்குள் சுருண்டு போகும். இழையில், தயாரிக்கிற கம்பனியைப் பொறுத்து, 12 முதல் 22 வரையான மின்வாய்கள். வாசல் பக்கத்து மின்வாய் உயர்ந்த ஒலிக்கு, உள்ளே இருப்பது தாழ்ந்த ஒலிக்கு.

அந்தக் காந்தம் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் காதில் கருவியைக் காணவில்லை. ஒழுங்கை மண்ணை அரிதட்டால் அரிக்காத குறை. தங்கச்சி அழுதுகொண்டே கேற்றைத் திறக்கப் போனாள். கொண்டிக்குப் பக்கத்தில், இரும்புக் குழாயில், வட்டம் ஒட்டிக்கொண்டிருக்க மிச்சம் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை கேற்றில் தலை சாய்த்து நின்றிருக்கிறாள், காந்தம் கேற்றைப் பிடித்துக்கொண்டது. அடுத்த நாளே சட்டைக் கொலரோடு சேர்த்து ஒரு நூல் கட்டிவிட்டோம்.

இந்தக் கருவி ஒருவர் ஒருநாளில் கண்டுபிடித்ததல்ல. 1957இல் பாரிசில் ஜூர்னோ, ஏரியே என்ற இருவர் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். 1961இல் லொஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ், 1977இல் வியன்னாவில் ஹொக்மயர் தம்பதியர் என்று வேலை நீண்டது. எனக்கு மிகவும் பிடித்தது அவுஸ்திரேலிய வைத்தியர் கிரேம் கிளார்க்கின் கதை. அவருடைய தகப்பனுக்குக் காது சரியாகக் கேட்காது. மருந்துக் கடை வைத்திருந்த அவர், வாடிக்கையாளர் சொல்வது விளங்காமல் சங்கடப்படுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கிளார்க். மின்வாய் இழையை அவ்வளவு சின்னச் சுருளுக்குள் உடையாமல் எப்படிச் செலுத்துவது என்ற கேள்வியில் அவர் முட்டுப்பட்டு நின்றார். 1977இல் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனபோது சுருண்ட ஒரு சிப்பி ஓட்டை எடுத்து, புல் நுனிகளை அதற்குள் விட்டுப் பார்த்தாராம். நுனி மெல்லிசாகவும் அடி கொஞ்சம் விறைப்பாகவும் இருந்த புல் சுருளைச் சுற்றி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இழையை அப்படியே வடிவமைத்தார். 1978 ஓகஸ்ட் 1ஆம் திகதி மெல்பேணில் முதல் சத்திரசிகிச்சை நடந்தது. முல்லைத்தீவுக் கடற்கரையில் சிப்பி பொறுக்குகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கொடுங்கள். இன்று உலகம் முழுவதும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் பொருத்தப்பட்டுவிட்டன.

சத்திரசிகிச்சை இரண்டு மூன்று மணித்தியாலம். காயம் ஆறி, இரண்டு முதல் நாலு கிழமைக்குப் பிறகுதான் வெளிக் கருவியை மாட்டி இயக்குவார்கள். அந்த நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கையடக்கத் தொலைபேசியில் வருகிற வீடியோக்களில் பிள்ளை உடனே அம்மாவின் குரல் கேட்டுச் சிரிக்கும். எங்கள் பிள்ளை வீரிட்டு அழுது கருவியைப் பிடுங்கி எறிந்தாள். மூன்று வயது வரை அமைதியாக இருந்த உலகத்தில் திடீரென்று ஏதோ ஒன்று நுழைந்தால் வேறு என்ன செய்வாள்? 15,000 கலங்கள் செய்த வேலையை 22 மின்வாய் செய்யும்போது ஒலி இயற்கையாக இருக்காது. முன்பு கேட்டுப் பழகிய பெரியவர்கள், ஆரம்பத்தில் குரல்கள் எல்லாம் கீச்சென்று, இயந்திரம் கதைப்பது மாதிரி இருக்கும் என்கிறார்கள். மூளைதான் மெல்ல மெல்ல அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்கிறது. அதற்கு மாதக்கணக்கு, பிள்ளைகளுக்கு வருடக்கணக்கு வேண்டும். திரும்பத் திரும்பப் போய், ஒவ்வொரு மின்வாயும் எவ்வளவு தூண்ட வேண்டும் என்று அளவைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் பிள்ளை முதன்முதலாக ஒரு ஒலியைக் கவனித்தது இயக்கிய பிறகு ஏழாம் கிழமை. பின் வளவில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் தீர்ந்து சட்டென்று நின்றது. மணலில் விளையாடிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, கிணற்றடிப் பக்கம் பார்த்தாள். சத்தம் நின்றது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் யாரும் கதைக்கவில்லை. தங்கச்சி மட்டும் ஓடிப்போய் மெசினுக்கு எண்ணெய் விட்டுத் திரும்ப இயக்கினாள்.

சரி, ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். பிறந்த பிள்ளையின் மூளை கேட்டுக் கேட்டுத்தான் மொழிக்கான இடத்தைக் கட்டுகிறது. ஒலியே வராவிட்டால் அந்த இடம் சும்மா கிடக்காது, பார்வையும் தொடுகையும் அதை எடுத்துக்கொள்ளும். அதனால் பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்கு ஒரு வயதையொட்டிப் பொருத்தினால் கிடைக்கிற பலன் மூன்று வயதில் கிடைப்பதைவிடக் கூட. ஏழு வயதுக்குப் பிறகு பேச்சு மொழி வருவது மிகவும் கடினம். உலகெங்கும் வைத்தியர்கள் சொல்கிற கணக்கு இது: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் என்ன குறை என்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம். எங்கள் எட்டு மாதத்தை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

பெற்றோரை ஏமாற்றுகிற இன்னொரு விடயம் மழலை. காது கேட்காத குழந்தையும் முதல் ஐந்தாறு மாதம் "ஆ", "ஊ" என்று சத்தம் போடும், சிரிக்கும். பிறகு தன் குரல் தனக்கே கேட்காததால் அது குறைந்துகொண்டு போகும். ஆறு ஏழு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லை, ஒன்பது பத்து மாதத்தில் பெயர் சொன்னால் பார்க்கவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை என்றால் காத்திருக்கவே கூடாது. "ஆம்பிளப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். உண்மையிலேயே பிந்திக் கதைக்கிற பிள்ளையாக இருந்தால் சோதித்ததால் ஒரு நட்டமும் இல்லை.

சோதனைகள் வலிக்காதவை. காதில் ஒரு சின்ன முனையை வைத்து, உள்ளே அனுப்பிய ஒலிக்கு நத்தைச்சுருள் திருப்பி அனுப்புகிற மெல்லிய எதிரொலி வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. சில நிமிடத்தில் முடியும். தலையில் சிறு வயர்களை ஒட்டி, பிள்ளை நித்திரையாக இருக்கும்போது நரம்பின் துடிப்பை அளப்பது மற்றது. ஏபிஆர் என்பார்கள். பிள்ளை சொல்லத் தேவையில்லை, கை உயர்த்தத் தேவையில்லை. பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கும் செய்யலாம்.

யாருக்கு விசேட கவனம் வேண்டும்? குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, பிறந்ததும் கடும் மஞ்சள் காமாலை வந்த பிள்ளை, சில வலுவான நுண்ணுயிர்க்கொல்லி (அன்ரிபயோட்டிக்) ஊசிகள் ஏற்றப்பட்ட பிள்ளை, சொந்தத்துக்குள் முடித்த குடும்பத்துப் பிள்ளை, குடும்பத்தில் ஏற்கெனவே கேளாமை உள்ள பிள்ளை. மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த பிள்ளைக்கு மிகவும் அவசரம். அந்த வருத்தத்துக்குப் பிறகு நத்தைச்சுருளுக்குள் எலும்பு வளர்ந்து மூடிவிடலாம், மூடினால் இழையைச் செலுத்த இடமிராது. சிறுவர் கேளாமையில் 60 வீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. கர்ப்பத்தில் தாய்க்கு வருகிற ரூபெல்லா என்ற தொற்றுநோய் அவற்றில் ஒன்று. இலங்கையில் தடுப்பூசியால் அது ஒழிந்துவிட்டதாக 2020இல் அறிவிக்கப்பட்டது. 9 மாதத்திலும் 3 வயதிலும் கிளினிக்கில் போடுகிற அந்த ஊசியைத் தவறவிடாதீர்கள்.

பெரியவர்களைப் பற்றியும் வன்னியில் கதைத்தாக வேண்டும். 2009இல் புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் செல் விழுந்த இடங்களில் நின்ற எத்தனையோ பேருக்கு அன்றிலிருந்து காது இரைச்சல், கேளாமை. உயிர் தப்பியதே பெரிது என்று காதை ஒருவரும் காட்டவில்லை. வெடி அதிர்ச்சியில் செவிப்பறை மட்டும் கிழிந்திருந்தால் இப்போதும் திருத்த வழி உண்டு. மயிர்க்கலங்கள் போயிருந்தால் காது மெசின், அதுவும் உதவாத அளவென்றால் கொக்ளியர். கதைக்கப் பழகிய பிறகு கேட்காமல் போனவருக்கு வயதெல்லை இல்லை, மொழி ஏற்கெனவே மூளையில் இருப்பதால் பலன் கெதியாகவே தெரியும். வயலில் யானை வெடி போடுகிறவர்களும் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வெடி போதும்.

இனி நடைமுறை. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா, மன்னார் ஆஸ்பத்திரிகளில் எது உங்களுக்குப் பக்கமோ அங்கே தொடங்குங்கள். கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் அல்லது வைத்தியரிடம் சொல்லி ஈஎன்ரி (காது, மூக்கு, தொண்டை) கிளினிக்குக்குக் கடிதம் வாங்க வேண்டும். சத்திரசிகிச்சை என்று வந்தால் யாழ்ப்பாணம் அல்லது கொழும்பு வரை பயணம் இருக்கும். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை, ஆனால் கருவி வெளிநாட்டிலிருந்து வருவது, பல இலட்சம் ரூபாய். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சையே அடங்குகிறது. வடக்குப் பிள்ளைக்கும் அப்படி ஓர் உறுதி இருக்க வேண்டும் என்று நான் கேட்பது பிச்சை இல்லை. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றி உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வைத்தியசாலைச் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேளுங்கள்.

கருவிக்கு உதவ வருகிறவரிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: பிறகு? வயர் அறும், பற்றரி சாகும், சில வருடங்களில் வெளிக் கருவியையே மாற்ற வேண்டிவரும். எங்களுக்கு ஒருமுறை வயர் அறுந்து, புதியது வந்து சேர மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் பிள்ளை பழைய மாதிரி சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் எங்களைக் கூப்பிட்டாள். மேலதிகமாக ஒரு வயர் வீட்டில் வைத்திருங்கள். குளிக்கும்போதும் குளத்தில் இறங்கும்போதும் கருவியைக் கழற்ற வேண்டும். இரவில் ஈரம் உறிஞ்சும் பைகளோடு மூடிய பெட்டியில் வைக்க வேண்டும், மாரியில் கட்டாயம்.

பேச்சுப் பயிற்சியில் பெரும் பங்கு வீட்டில்தான் நடக்கும். எங்கள் வீட்டில் காலையில் புளியங்கொட்டைச் சோதனை. தங்கச்சி பிள்ளைக்குப் பின்னால் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்வாள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். ஒலி கேட்டதும் பிள்ளை ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போடுவாள். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை பேச்சின் முழு அகலமும் இந்த ஆறுக்குள் வந்துவிடும். ஏதாவது ஒன்று விழாவிட்டால் அன்றைக்குக் கருவியில் பிழை இருக்கலாம். சத்தமில்லாமல் கருவி பழுதாகி, பிள்ளை கிழமைக்கணக்கில் கேட்காமல் இருப்பதை இந்த இரண்டு நிமிடம் தடுக்கும்.

எல்லாப் பிள்ளைக்கும் இது சரிவராது. செவி நரம்பே இல்லாத பிள்ளை உண்டு, வயது கடந்த பிள்ளை உண்டு. அவர்களுக்கும் மொழி வேண்டும். சைகை மொழி முழுமையான மொழி, அதில் படிக்கலாம், சண்டை பிடிக்கலாம், கதை சொல்லலாம். கைதடி நபீல்ட் பாடசாலை காது கேளாத பிள்ளைகளுக்கு 1956இலிருந்து கல்வி கொடுத்து வருகிறது. சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கிற காலத்திலும் சைகையை மறுக்காதீர்கள். கொக்ளியர் கழற்றிய நேரத்தில் எங்கள் பிள்ளையும் நாங்களும் இன்றும் கையால்தான் கதைக்கிறோம்.

உங்கள் பிள்ளை மேல் சந்தேகம் இருந்தால் அடுத்த கிளினிக் நாளன்று பிள்ளையின் கொப்பியோடு போய், "பார்ப்போம், பொறுத்திருங்கள்" என்று சொல்ல இடம் கொடுக்காமல், இந்த ஒரு வசனத்தைச் சொல்லுங்கள்: "மிஸ், என்ர பிள்ளையின்ர காதை மெசின் வைச்சுச் சோதிக்க வேணும். ஈஎன்ரி கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தாங்கோ."